மலரும் அதை வரைந்த கையும்

காட்டுமலரை வரைபவன் தன்னை மறந்தாலன்றி மலரைக் காட்ட இயலாது. பழங்காலத் தாவரவியல் ஓவியங்களை உற்று நோக்குவார்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். இதழ்கள் எத்தனை, மகரந்தத்தாள்கள் எவ்வாறு அமைந்துள்ளன, இலையின் நரம்புகள் எப்படி ஓடுகின்றன என்பவற்றை உள்ளது உள்ளவாறே தீட்டுதல் வேண்டும். அழகு கருதி ஓர் இதழைக் கூட்டினாலும் ஓவியம் பொய்யாகிவிடும். தன் கற்பனையை அடக்கிப் பொருளின் மெய்ம்மைக்குப் பணிவதே இக்கலையின் அறம்.

அவ்வாறாயின், தன்னை மறைத்துக்கொண்ட கலைஞனைப் பிறரும் மறந்துவிடுவது முறையாகுமா?

1803 முதல் 1818 வரை மலாக்காவில் ஆங்கில அதிகாரியாக இருந்த வில்லியம் ஃபார்குவார், சீன ஓவியர்களைக் கொண்டு இவ்வட்டாரத்துச் செடிகொடிகளையும் உயிரினங்களையும் வரைவித்தார். அந்த 477 நீர்வண்ண ஓவியங்கள் இன்று சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தில் உள்ளன. செடிகளின் மலாய்ப் பெயர்கள் ஓவியங்களில் குறிக்கப்பட்டன. வரைவித்தவர் பெயரால் தொகுப்பே வழங்குகிறது. வரைந்தவர் பெயர் மட்டும் எழுதப்படவில்லை.

ஊதியம் கொடுத்தபின் கடன் ஏது என்று சிலர் வினவக்கூடும். ஊதியம் உழைப்புக்கு விலை. உழைத்தவன் ஒரு மனிதன் என்பதற்கு அது சான்றாகாது. அச்சான்றை அளிக்க அக்காலத்திலும் வழி இருந்தது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளில் 2,101 தாவரப் படங்களை வெளியிட்டார். அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இரு இந்திய ஓவியர்கள். வைட் அவர்களுடைய பெயர்களை மறைக்கவில்லை. படங்களிலேயே அவற்றைப் பொறித்தார். ஆர்க்கிட் வகை ஒன்றுக்குக் 'கோவிந்தூயியா' என்று பெயரும் சூட்டினார். இதனால் அவருடைய புகழ் குறைந்ததா? இல்லை. படத்தின் ஓரத்தில் ஒரு சொல்லுக்கு இடம் தேவைப்பட்டது; அவ்வளவே.

பின்னாளில் அறிவியலார் அவ்வார்க்கிட்டை வேறொரு பேரினத்தில் சேர்த்துவிட்டனர். கோவிந்துவின் பெயரும் அதிலிருந்து நீங்கியது. எனினும் வைட் செய்தது வீணாகவில்லை. செய்நன்றி அறிதலின் சிறப்பு அது எத்துணைக் காலம் நிலைத்தது என்பதில் இல்லை. உரிய வேளையில் உரியவர்க்குச் செய்யப்பட்டது என்பதிலேயே உள்ளது.

தானே மேற்கொள்ளும் அடக்கம் அறம். பிறர் சுமத்தும் மறைவு அநீதி. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருப்பதால்தான் உலகம் எளிதில் ஏமாறுகிறது. பணிவுடையவன் தன் பெயரைக் கேட்கமாட்டான்; அவன் கேளாமையைக் காரணமாகக் காட்டி அதனைக் கொடாதிருப்பவன் அப்பணிவையே களவாடுகிறான். வானளாவிய கட்டடங்களை எழுப்பும் கைகளுக்கும், பிறர் நூலைப் பிழைநீக்கிச் செப்பனிடும் கைகளுக்கும் இது பொருந்தும்.

மலாக்காவின் மலர்கள் அத்தாள்களில் இன்னும் வாடாமல் இருக்கின்றன. அவற்றைக் காண்போர் ஒரு கணம் நின்று, பெயரறியாத அந்தக் கைகளையும் நினைத்தல் வேண்டும். பெயரை இனி மீட்க முடியாவிடினும், நினைவைக் கொடுக்க எவரும் தடையில்லை.