பப்பும் அம்மன் கோயிலும்

பெங்களூரு இந்திராநகரில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் ஒரு மொட்டைமாடி பப் இருக்கிறது. இரவு 1 மணிவரை நடக்கும். பாட்டின் வரிகள் எங்களுக்குக் கேட்பதில்லை, அடி மட்டும் சுவர் வழியாக வரும். அலமாரியில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். பக்கவாதத்தில் படுத்திருக்கும் என் மாமியார் கட்டில் கம்பியைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் நிக்கலையே" என்பார்.

குடியிருப்போர் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே வேறு திசைக்குப் போய்விடுகிறது. பெண்பிள்ளைகள் குடிக்கிறார்கள், உடுப்பு சரியில்லை, பண்பாடு கெட்டுப்போச்சு. கல்லூரியில் தத்துவம் நடத்திய எனக்கு இந்த வாதம் சம்மதமில்லை. ஒருத்தி குடிப்பதும் ஆடுவதும் அவள் பாடு. அது பாவமா என்பதை அவளும் அவள் கும்பிடும் சாமியும் பார்த்துக்கொள்ளட்டும். அங்கே பஜனை நடந்தாலும் என் மாமியாருக்குத் தூக்கம் கெடத்தான் செய்யும். கேளாமலே இன்னொருவர் உடம்புக்குள் புகுந்துவிடுகிறதே அந்த ஒலி, குற்றம் அங்கேதான் இருக்கிறது.

ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட்டுக்கும் இதே தொல்லை இருந்தது. பக்கத்து வீட்டுச் சேவல் கூவுகிறது என்று ஒரு ஜாகையையே காலி செய்தவர் அவர். பிறகு கோனிக்ஸ்பெர்க்கில் சொந்தமாக வாங்கிய வீடு சிறைச்சாலைக்கு அருகில் அமைந்துவிட்டது. கைதிகள் சன்னலைத் திறந்துவைத்து உரத்த குரலில் பக்திப் பாட்டுப் பாடுவார்கள். 1784இல் நகரின் மேயரும் தன் நண்பருமான ஹிப்பெலுக்கு முறையிட்டுக் கடிதம் எழுதினார். சன்னலைச் சாத்திக்கொண்டு பாடினால் அவர்கள் ஆன்மாவுக்கு ஒன்றும் குறைந்துவிடாது என்பது அவர் கட்சி. 1790இல் வந்த அழகியல் நூலிலும் இதை அவர் விடவில்லை. பிடிக்காத படத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், இசையிடம் அப்படித் தப்ப முடியாது என்று வாதிட்டார். கடமை பற்றி அவர் எழுதிய பெரிய நூல்களைவிட இந்தச் சின்னப் புகாரில்தான் அண்டைவீட்டு அறம் எனக்குத் தெளிவாகப் பிடிபடுகிறது.

பப்பின் மேனேஜர் கிருஷ்ணகிரிப் பையன், மரியாதை தெரிந்தவன். "அம்மா, போலீஸ் வந்து மீட்டர் வெச்சுப் பாத்தாங்க, சரியாத்தான் இருக்கு" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல், வணிகப் பகுதிக்கு 55. அளப்பதோ 'ஏ' எடையிட்ட டெசிபலில். தாழ்ந்த பேஸ் ஒலியை அந்த முறை மிகவும் குறைத்துத்தான் கணக்கில் எடுக்கும். சுவரைத் துளைத்து வருவதும் அதே பேஸ்தான். எண் சரியாக இருக்கும், டம்ளரும் நடுங்கும். "சரி தம்பி, பத்து மணிக்கு மேல பேஸை மட்டுமாவது குறைக்கலாமே" என்றேன். முதலாளியைக் கேட்கிறேன் என்றிருக்கிறான்.

இனி எங்கள் பக்கம். ஆடி மாதம் பிறந்தால் பக்கத்து அம்மன் கோயிலில் விடியற்காலை நாலரைக்கே குழாய் ஸ்பீக்கர் அலறும். பப்புக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டவர்கள் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. கேட்டால், "சாமி காரியம், காதுல விழுந்தாலே புண்ணியம்" என்கிறார்கள். அஜாமிளன் கதையைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். சாகும் நேரத்தில் மகனை "நாராயணா" என்று கூப்பிட்டதற்கே கதி கிடைத்ததாம். அந்தக் கதை எனக்கும் பிரியமானது. ஆனால் அஜாமிளன் தன் வாயால், தன் பயத்தில் கூப்பிட்டான். அவன் காதில் யாரும் ஸ்பீக்கர் வைத்து நாமத்தைத் திணிக்கவில்லை. கூப்பிடும் மனசு அவனுடையதாக இருந்ததால்தான் அது பக்தி. தூக்கம் கலைந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பவருக்கு எந்தப் புண்ணியத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனிக்காரர்களுக்கும் நடந்த வழக்கு உச்சநீதிமன்றம்வரை போனது. மற்றவர் அமைதியைக் குலைத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. கேட்க விரும்பாதவரைக் கேட்கக் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமையில்லை என்று 2005இல் அதே நீதிமன்றம் இன்னும் விரிவாகச் சொன்னது. சபைக்குப் பொருந்துவது கோயிலுக்கும் மசூதிக்கும் பப்புக்கும் பொருந்தும்.

நகரத்துக்குக் கொண்டாட்டம் வேண்டும். வாரமெல்லாம் கம்ப்யூட்டர் முன் குனிந்து கிடக்கும் பிள்ளைகள் ஆடட்டும், அம்மனுக்குக் கூழும் ஊற்றட்டும். பப்பில் பாத்திரம் கழுவும் பையன்களுக்கும் வேலை நிலைக்கட்டும். ஒலி அவரவர் சுவருக்குள் நிற்க வேண்டும் என்று மட்டும்தான் கேட்கிறேன்.

அடுத்த மனுவில் கோயில் ஸ்பீக்கரையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர் முகம் சுளித்தார். சேர்க்காவிட்டால் பப்புக்கு எதிரான மனுவில் என் கையெழுத்து இருக்காது என்று அவரிடமே சொல்லிவிட்டேன்.