வடிவாக எரிந்த லண்டன்

அம்மா ஏன் கை தட்டினார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பெப்ரவரி நடுப்பகுதி, அரைத்தவணை விடுமுறைக்கு முந்தின நாள். மகனின் பள்ளிக்கூட முற்றத்தில் லண்டன் எரிந்தது. கோர்ன்ஃபிளேக்ஸ் பெட்டிகளில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் செய்த வீடுகள். வெள்ளைச் சுவரில் கறுப்புப் பட்டி அடித்து, கூரைக்கு வைக்கோல் ஒட்டியிருந்தார்கள். மணல் பரப்பிய இரும்புத் தட்டில் அவற்றை இரண்டு வரிசையாக நெருக்கி அடுக்கி, சுற்றிவரக் கயிறு கட்டி, பக்கத்தில் தண்ணீர் வாளிகளும் வைத்திருந்தார்கள். ஆசிரியை நீளமான லைட்டரால் முனையில் இருந்த பேக்கரியைப் பற்றவைத்தார். முதலாவது கூரை சரிந்து விழுந்ததும் பிள்ளைகள் கை தட்டினார்கள். அம்மாவும் தட்டினார். கைகள் கம்பளிக் கையுறைக்குள் இருந்தபடியால் சத்தம் வரவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் அது தெரிந்தது.

அம்மா 1981இல் யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர். எங்கள் ஆட்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும், மிச்சம் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏனம்மா கை தட்டினீங்கள்?"

"குளிருக்குத் தட்டினனான்" என்றார், தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு.

நியாயமான பதில். முற்றத்தில் நின்ற எல்லோருமே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டுதான் நின்றோம். ஆனால் குளிருக்குத் தட்டுகிறவர் உள்ளங்கைகளை உரசுவார், வாயருகே கொண்டுபோய் ஊதுவார். அம்மா அதொன்றும் செய்யவில்லை. பிள்ளைகள் தட்டியபோது தட்டினார், அவர்கள் நிறுத்தியபோது நிறுத்தினார்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் 1666ஆம் ஆண்டுதான் நடந்துகொண்டிருந்தது. வாய்ப்பாடு, எழுத்துக்கூட்டல், இரவு வாசிப்பு எல்லாம் இருந்தன. மகன் அவற்றைக் கடனுக்குச் செய்தான். நெருப்புப் பாடத்தை மட்டும் சாப்பாட்டு மேசைக்கும் கொண்டுவந்தான். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய ஒற்றைத் தாளில் முழுக் கதையும் இருந்தது. செப்டம்பர் 2, ஞாயிறு அதிகாலை, புடிங் லேனில் தோமஸ் ஃபாரினரின் பேக்கரி. வறண்ட கோடை, கிழக்கிலிருந்து வீசிய காற்று, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்ற மர வீடுகள். நெருப்பை மறிக்க வீடுகளை இழுத்து விழுத்திய நீளக் கொக்கிகள். அழிந்தவை 13,200 வீடுகள், 87 தேவாலயங்கள், அதோடு புனித பவுல் பேராலயம். சாமுவேல் பீப்ஸ் என்ற அதிகாரி தன்னுடைய வைனையும் பார்மசான் சீஸையும் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்த கதையும் உண்டு. சீஸ் வருகிற இடத்தில் மகன் ஒவ்வொரு தடவையும் விழுந்து விழுந்து சிரிப்பான். "விலை கூடின சாமான்தானே, அந்தாள் செய்தது சரி" என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். அப்போதும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில், ஏழு வயதுக்குள் பிள்ளைகள் படிக்க வேண்டிய வரலாற்றை வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். உயிரோடு இருப்பவர்களின் நினைவுக்குள் நடந்த மாற்றங்கள் ஒரு வகை. அந்த நினைவுக்கு எட்டாத பெரிய நிகழ்வுகள் இன்னொரு வகை. லண்டன் பெருந்தீ இரண்டாவது வகைக்குக் காட்டப்படும் உதாரணம். பிரிப்பு நியாயமானது. எரிந்த வீட்டுக்காரர் ஒருவர்கூட இன்று கயிற்றுக்குப் பின்னால் வந்து நிற்கப் போவதில்லை. கூரை விழும்போது தாராளமாகக் கை தட்டலாம். ஆனால் அன்றைக்குக் கயிற்றுக்குப் பின்னால் வேறொரு நெருப்பைப் பார்த்த ஒருவர் நின்றார். அவரும் தட்டினார்.

அந்த நெருப்பைப் பற்றி அம்மா என்னிடம் சொன்னது மிகக் கொஞ்சம். நான் பிறந்தது அதற்கு அடுத்த வருடம். 1981 மே 31 இரவு, விடிந்தால் ஜூன் 1. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தன. காவல்துறையினரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் வைத்த நெருப்பில் யாழ்ப்பாணப் பொது நூலகம் போனது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அதோடு போயின. பத்திரிசியார் கல்லூரியிலிருந்து அதைப் பார்த்த தாவீது அடிகள் அந்த அதிர்ச்சியிலேயே இறந்தார் என்பதை எங்கள் ஊரில் சொல்லிக் கேட்காதவர் இல்லை. அம்மா இதையெல்லாம் சொல்வதில்லை. காலையில் கொடியில் கிடந்த சீலையை எடுக்கப் போனபோது அதில் சாம்பல் இருந்தது, உதறினால் கறுப்பாக இழுபட்டது, திரும்பத் தோய்க்க வேண்டி வந்தது. அவர் சொன்னது அவ்வளவுதான். அதுவும் நான் வேறு ஏதோ கேட்டபோது, சீலையைப் பற்றிய கதையாகச் சொன்னார்.

எப்போதோ படித்த ஒன்று இந்த இடத்தில் மேலே வருகிறது. 1666இல் லண்டன் புத்தக வியாபாரிகள், கல்லுக் கட்டடம் எரியாது என்று நம்பி, புனித பவுல் பேராலயத்தின் நிலவறைத் தேவாலயத்தில் தங்கள் புத்தகங்களைக் கொண்டுபோய் அடுக்கினார்கள். மேலே கூரை இடிந்து விழுந்தது. கீழே புத்தகங்கள் நாட்கணக்காக எரிந்தன. எரிந்த தாள்கள் காற்றில் பறந்து வின்ட்சர் பக்கம் வரைக்கும் போய் விழுந்ததாக ஒரு சீமாட்டி சொன்னதை அந்தச் சீஸ்காரப் பீப்ஸே தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இதை வாசித்த காலத்தில் நான் அம்மாவின் சீலையை நினைத்தேனா என்பது ஞாபகமில்லை. இப்போது இரண்டையும் பிரித்து வைக்க முடியவில்லை. மகனின் தாளில் இந்தப் புத்தகங்கள் இல்லை. ஏழு வயதுக்குச் சீஸ் போதும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவோடு எனக்குச் சண்டையும் இல்லை.

ஏனென்றால் நாங்களும் நெருப்பைப் பார்த்துக் கை தட்டி வளர்ந்தவர்கள்தான். கார்த்திகை விளக்கீட்டன்று கோயில் முன்றலில் சொக்கப்பனை எரியும். காய்ந்த பனையோலை சடசடவென்று பற்றி உச்சிக்கு ஏறும்போது பெரியவர்கள் அரோகரா சொல்வார்கள், நாங்கள் துள்ளுவோம். சிவன் முப்புரம் எரித்ததை நினைத்து எரிக்கிறார்கள் என்று பாட்டா சொன்னார். புரம் என்றால் ஊர்தானே, அங்கே ஆட்கள் இருந்திருப்பார்களே என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அனுமன் வாலில் தீ வைக்கும் கட்டத்தைப் பாட்டா சொல்லத் தொடங்கினால் பாயில் எழும்பி உட்கார்ந்துவிடுவோம். அவர் ஒவ்வொரு மாடமாக எரித்துக்கொண்டு போவார், நாங்கள் தட்டுவோம். எரிகிற ஊரின் பெயர் இலங்கை. கேட்டுக்கொண்டு இருந்ததும் இலங்கையில். அது ஒருவருக்கும் உறைக்கவில்லை. மதுரையை எரித்தவளுக்கு வற்றாப்பளையில் பொங்கல் பொங்குகிறோம். அவளாவது குழந்தைகளையும் முதியவர்களையும் விட்டுவிடும்படி நெருப்புக்குச் சொன்னாள் என்று சிலப்பதிகாரத்தில் இருக்கிறது.

ஆகவே எத்தனை ஆண்டு போனால் ஒரு நெருப்பு பிள்ளைகளின் விளையாட்டாகலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2016இல், பெருந்தீயின் 350ஆம் ஆண்டு நிறைவுக்கு, பழைய லண்டனை மரத்தில் 120 மீட்டர் நீளத்துக்குச் செய்து தேம்ஸில் மிதக்கவிட்டு எரித்தார்கள். கரையில் கூட்டம் நின்று பார்த்தது. அப்படியானால் 350 ஆண்டு போதும். நூறு போதுமா? யாழ்ப்பாணத்தில் 2081இல் ஒரு பள்ளிக்கூட முற்றத்தில் பிள்ளைகள் மட்டையில் வெள்ளைக் குவிமாடம் செய்து, மணல் தட்டில் வைத்து, கயிற்றுக்குப் பின்னால் நிற்பார்களா? எழுதும்போதே வேண்டாம் என்று மனம் சொல்கிறது. ஆனால் சிரித்துக்கொண்டே அதைச் செய்யக்கூடிய பிள்ளைகள் அங்கே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது தவறா?

பிறகு யோசித்தால் இது ஆண்டுக் கணக்கு இல்லைப் போலவும் இருக்கிறது. மகனின் லண்டன் நெருப்பில் குற்றவாளி இல்லை. அணையாத அடுப்பும் காற்றும்தான். குற்றவாளி இல்லாத நெருப்பை ரசிக்கலாம். ஆனால் அந்தக் காலத்து லண்டன்காரர் அப்படி நினைக்கவில்லை. அப்போது ஒல்லாந்தரோடும் பிரெஞ்சுக்காரரோடும் போர் நடந்துகொண்டிருந்தது. அவர்கள்தான் வைத்தார்கள் என்று வதந்தி கிளம்பி, வேற்று மொழி பேசியவர்களைத் தெருவில் பிடித்து அடித்தார்கள். ரொபேர் ஊபேர் என்ற பிரெஞ்சு மணிக்கூடு செய்பவர் தானே நெருப்பு வைத்ததாகச் சொன்னார், அக்டோபரில் தூக்கிலிட்டார்கள். நெருப்புத் தொடங்கி இரண்டு நாள் கழித்துத்தான் அவர் வந்த கப்பலே லண்டனுக்கு வந்தது என்பது பிறகு தெரியவந்தது. பேக்கரிக்கு 202 அடி தள்ளி, 202 அடி உயரத்தில் கட்டிய நினைவுத் தூணில், கத்தோலிக்கர்களைப் பழிக்கும் வரிகளை 1681இல் வெட்டினார்கள். அவற்றைக் கடைசியாக அழித்தது 1830இல். கல்லில் இருந்த வெறுப்பைச் சுரண்டி எடுக்கவே அவ்வளவு காலம். பேக்கரியும் சீஸும் மட்டும் மிஞ்சி, மட்டை வீட்டுக்குக் கதை தயாரானது அதற்கெல்லாம் பிறகுதான்.

இதற்குப் பக்கத்தில் எங்களுடையதை வைத்தால் எல்லாம் தலைகீழ். அங்கே குற்றவாளி இல்லாத நெருப்புக்கு ஒருவரைத் தூக்கிலிட்டார்கள். இங்கே கை வைத்து மூட்டிய நெருப்புக்கு ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. வழக்கு முடியாத கதையை ஏழு வயதுக்கு எப்படிச் சுருக்குவது? எதை விட்டுவிடுவது?

அன்றைக்கு முற்றத்தில் இன்னொன்றும் நடந்தது. ஆசிரியை இரண்டு வரிசைக்கும் நடுவில் ஓர் இடைவெளி விட்டிருந்தார், வீடுகளை இடித்தால் நெருப்புத் தாண்டாது என்று காட்டுவதற்கு. மகனின் வீடு இடைவெளிக்கு அந்தப் பக்கம். அது தப்பிவிடும் என்று காலையிலேயே சொல்லிக்கொண்டு போனான். காற்று மாறியது. ஒரு வைக்கோல் துண்டு எழும்பிப் போய் அவனுடைய கூரையில் விழுந்தது. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் துள்ளினான். "என்ட வீடுதான் கடைசியா எரிஞ்சது" என்று வீடு வரும்வரை எல்லோருக்கும் சொன்னான். அந்த இடத்தில் அம்மா தட்டவில்லை என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது. அப்போது என் கண் மகன் மேல் இருந்தது.

விடுமுறை வாரத்தில் ஒரு நாள், மகன் நித்திரையான பிறகு, மரக்கறி வெட்டிக்கொண்டு இருந்த அம்மாவிடம் திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டேன். லீக்ஸை அடியிலிருந்து இரண்டாகப் பிளந்து, இதழ் இதழாக விரித்து மண் கழுவிக்கொண்டு, தலை நிமிராமல் சொன்னார்.

"வடிவா எரிஞ்சுது."

"அப்ப அதுக்குத்தான் தட்டினீங்களா?"

"வடிவா இருந்தா வடிவெண்டுதானே சொல்லவேணும். நீ ஏன் அதையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்?"

அவர் சொன்ன வடிவு எந்த நெருப்பைப் பற்றியது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. ஒருவேளை பெரிய நெருப்பைப் பார்த்தவருக்குத்தான், தட்டில் அடங்கி, வாளி பக்கத்தில் இருக்க, யாருடையதும் போகாமல் எரிகிற நெருப்பு வடிவாகத் தெரியும். அல்லது துயரம் முழுவதையும் அவருடைய கணக்கில் எழுதி, அவர் அதை எந்நேரமும் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நான்தானோ. நான் அந்தப் பெரிய நெருப்பைப் பார்க்கவில்லை. பார்த்தவருக்குக் கை தட்ட உரிமை இருக்கிறது. பார்க்காத எனக்குத்தான் அது பொறுக்கவில்லை.

நூலகத்தைத் திரும்பக் கட்டுவதா, எரிந்த சுவர்களை அப்படியே விட்டுவைப்பதா என்று ஒரு காலத்தில் எங்களுக்குள் வாதம் நடந்தது. கட்டினார்கள். முந்தின அதே வெள்ளை. அங்கே போய் வாசிக்கிற பிள்ளைகளுக்கு அது புத்தகம் எடுக்கிற இடம், அவ்வளவுதான். அதைக் கேட்டால் மகிழ்ச்சியாக இருக்கிறது. கொஞ்ச நேரத்தில், சுவரில் ஒரு கரியாவது மிச்சம் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. இரண்டையும் ஒரே நாளில் நினைக்கிறேன், இரண்டையும் நம்பித்தான் நினைக்கிறேன்.

அடுத்த அரைத்தவணைக்குப் பாடம் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். நெருப்புத் தாளைக் கழற்றிவிட்டுப் புதுத் தாளை ஒட்டியாயிற்று. மகனிடம் 1981ஐச் சொல்வதென்றால் லண்டன் இன்னும் சூடாக இருக்கும் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று ஒரு யோசனை. அவன் சீஸுக்குச் சிரிக்கிற வயது தாண்டட்டும் என்று இன்னொரு யோசனை. அம்மாவே சொல்லாததை நான் சொல்லலாமா என்பது மூன்றாவது. சொல்லாமல் விட்டால் அது அவனுக்கு ஆறிய நெருப்பா, காணாமல் போன நெருப்பா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று மட்டும் நினைக்கிறேன். அதிலும் இந்தக் கட்டுரையைத் தொடங்கியபோது இருந்த நிச்சயம் இப்போது இல்லை.