பெயரும் வினைப்பயனும்

செய்த வினையின் பயன் செய்தவனைச் சேராமல் அழிவதையும், செய்யாத வினையின் பயன் தொடர்பற்ற ஒருவனுக்கு வந்து சேர்வதையும் இந்தியத் தத்துவ மரபு கிருதநாசம், அகிருதாப்யாகமம் என்னும் இரு குற்றங்களாக வகுத்திருக்கிறது. நிலையான ஆன்மா இல்லை, எப்பொருளும் கணந்தோறும் தோன்றி அழிகிறது என்று பௌத்தர் கூறியபோது, நேற்றைய வினையின் பயனை இன்று நுகர்பவன் யார் என்று பிற சமயத்தார் எழுப்பிய தடைகள் இவை. உற்பத்தி நின்றுபோன காரின் பெயரைப் புதிய வண்டிக்குச் சூட்டி, பழையது ஈட்டிய நற்பெயரையும் அதற்கே உரியதாக்கும் இக்கால வழக்கத்தின்முன் அதே தடையை மீண்டும் எழுப்பலாம்.

மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி 1957இல் பிறந்து, கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் உருவாகிவந்த அம்பாசிடர், திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்துக்கு வரும் அமைச்சர்களின் வண்டியாகவும் தம்பானூரில் நிற்கும் வாடகைக் காராகவும் நெடுங்காலம் ஓடியது. 2014 மே மாதம் அதன் உற்பத்தி நின்றது. 2017இல் அதைத் தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் அப்பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சின் பெஜோ நிறுவனத்துக்கு விற்றது. அம்பாசிடர் பழுதாகாத வண்டி அன்று. அதன் அமைப்பு எளியதாக இருந்ததால், எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் குறைந்த கருவிகளைக் கொண்டு ஒரு மெக்கானிக் அதைச் சரிசெய்ய முடிந்தது. உதிரி பாகங்களும் எங்கும் கிடைத்தன. ஆகவே நம்பகம் என்று மக்கள் போற்றிய குணத்தில் தொழிற்சாலைக்கு இருந்த பங்குக்குக் குறையாத பங்கு மெக்கானிக்குகளுக்கும் ஓட்டுநர்களுக்கும் இருந்தது. அந்த விற்பனையில் அவர்களுக்கு எந்த இடமும் இல்லை. வணிகச் சின்னச் சட்டம் பெயரைப் பயன்படுத்தும் உரிமையைக் கைமாற்றித் தரலாம்; பலர் கூடிச் செய்த வினையின் பயனை அது எப்படிக் கைமாற்றும்?

மிலிந்த பன்ஹா என்னும் பாலி நூலில் பௌத்தத் துறவி நாகசேனர், சக்கரமோ அச்சோ நுகமோ தேர் ஆகாது, அவை கூடிய நிலைக்கு இட்ட வழக்குப் பெயரே தேர் என்று கிரேக்க மன்னன் மிலிந்தனுக்கு விளக்குகிறார். பெயர் வழக்கு மாத்திரமே என்றால் அதை எதற்கும் சூட்டலாம் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. ஏனெனில் பௌத்தமும் சந்தானம் எனப்படும் காரண காரியத் தொடர்ச்சி இருந்தால்தான் முன்னதன் பயன் பின்னதைச் சேரும் என்கிறது. 1991இல் வந்த டாடா சியராவின் பெயர் 2025இல் அதே நிறுவனத்தால் மீட்கப்பட்டபோது, முந்தைய மூன்று கதவு வண்டிக்கும் இன்றைய ஐந்து கதவு வண்டிக்கும் பொறியமைப்பில் உறவு இல்லாவிடினும், பொறுப்பேற்கும் நிறுவனம் என்ற மெல்லிய சந்தானமாவது இருக்கிறது. அம்பாசிடர் பெயரின் விற்பனையில் அதுவும் இல்லை.

உடல் மாறியும் பெயர் நியாயமாகத் தொடர்வதற்குத் திருவனந்தபுரத்திலேயே பெரும் சான்று உண்டு. பத்மநாபசுவாமி கோயிலின் பழைய மூலவர் இலுப்பை மரத்தால் ஆனவர் என்பது மரபு; 1686ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப் பின், 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மர் காலத்தில், நேபாளத்துக் கண்டகி நதியின் 12,008 சாளக்கிராமங்களைக் கொண்டு, மூலிகைகளும் பிசின்களும் சேர்ந்த கடுசர்க்கரை என்னும் கலவையால் இன்றைய திருமேனி அமைந்தது. பொருள் முற்றிலும் மாறியும் பத்மநாபர் வேறொருவர் ஆகிவிட்டார் என்று எந்தப் பக்தரும் கருதவில்லை. ஜீர்ணோத்தாரணம், அதாவது சிதைந்ததைப் புதுப்பித்தல், பெயரை மட்டும் எடுத்துச் செல்வதில்லை. சாந்நித்தியத்தை, அதாவது இறையிருப்பை, முறைப்படி மாற்றுவதோடு, பூசை செய்யும் கடமையும் புதிய திருமேனியைத் தொடர்ந்து வருகிறது. அதே மன்னர் 1750இல் நாட்டை இறைவனுக்கு ஒப்படைத்துப் பத்மநாபதாசர் ஆனார். அவருக்குப் பின் அப்பெயரைத் தாங்கிய ஒவ்வொரு மன்னரும் அதனோடு அடிமைக் கடமையையும் ஏற்றார்.

கடமையும் கூடவே வரும்போதுதான் பெயர் மரபாகிறது என்பதைக் கோயில் வழக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்க, வணிகம் அதை மறந்திருப்பது வருந்தத்தக்கது. பழைய பெயரைச் சூடும் நிறுவனம், அப்பெயரை ஈட்டித் தந்த பழுதுபார்க்கும் எளிமையையும் நெடுங்கால உதிரி பாக வழங்கலையும் தன் கடமையாக ஏற்க வேண்டும். எவை மாறின என்பதை வாங்குவோரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இவற்றை ஏற்காமல் நற்பெயரை மட்டும் எடுத்துக்கொள்வது, சட்டம் அனுமதித்தாலும், அகிருதாப்யாகமமே.