ஆசானுக்குப் பட்ட கடன்

மனிதன் தன் வாழ்நாளில் படும் கடன்களுள் தீர்ப்பதற்கு அரிதானது கற்பித்தவருக்குப் பட்ட கடனேயாகும். பொருளாகப் பெற்றதைப் பொருளாகவே திருப்பித் தந்துவிடலாம். தன் காலத்தையும் உடலாற்றலையும் பிறர்க்கென வழங்கிய ஒருவர் மறைந்த பின்னர், பெற்றவர் எவரிடம் சென்று கடனைத் தீர்ப்பர்? செய்ந்நன்றி அறிதலுக்கு வள்ளுவர் தனியோர் அதிகாரமே வகுத்தார். எனினும், நன்றியை ஏற்க வேண்டியவரே இல்லாத நிலையில் அந்நன்றி கொள்ள வேண்டிய வடிவம் யாது என்பதை ஒவ்வொரு தலைமுறையும் தானே எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

வகுப்பறை ஆசிரியரைப் பொறுத்து இவ்வினாவை எழுப்புவோர் பலர். திடலில் நின்று கற்பித்தவரை எண்ணுவோர் சிலரே. சிங்கப்பூர், மலேசியக் காற்பந்து வரலாற்றில் 'அங்கிள் சூ' என்று அன்போடு அழைக்கப்பட்ட சூ செங் குவீ அத்தகையோருள் ஒருவர். 1914-ஆம் ஆண்டில் பிறந்த அவர் 1983-ஆம் ஆண்டில் மறைந்தார். மலாயா அணி 1961-ஆம் ஆண்டில் ரங்கூனில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்பப் போட்டியில் தங்கம் வென்றபோது அதன் பயிற்றுநர் அவரே. 1977-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் அணி, பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் மலேசியக் கிண்ணத்தை மீட்டதும் அவருடைய பயிற்சியில்தான். கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் நிகழ்ந்த அவ்விறுதி ஆட்டம் கூடுதல் நேரத்திற்கு நீண்டது. குவா கிம் சோங் தலையால் முட்டிய பந்து வலைக்குள் புக, பினாங்கு அணி 3-2 என்ற கோல் கணக்கில் தோல்வியுற்றது.

அவ்வணியின் தலைவர் சமது அல்லாபிச்சை. எஸ். ராஜகோபாலும் அவ்வணியினரே. சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் ஒரே சீருடையில் நின்ற அணி அது. அந்நாளில் ஆடியவர்கள் காற்பந்தையே பிழைப்பாகக் கொண்டவர்கள் அல்லர். வேறு வேலை பார்த்துவிட்டு எஞ்சிய நேரத்தில் திடலுக்கு வந்தவர்கள். ஊதியத்தால் கட்டுண்ணாத ஒருவனை ஒழுங்குக்குக் கட்டுப்படுத்துவது எளிதன்று. அன்பாலும் கண்டிப்பாலும் மட்டுமே அது கைகூடும். சூவிடம் இரண்டும் இருந்தன.

இவ்விடத்தில் ஓர் அறச்சிக்கல் எழுகிறது. மறைந்தவரைப் போற்றும்போது நாம் அவருடைய கடுமையை மறைத்துவிட்டு இனிமையை மட்டும் எடுத்துரைக்கிறோம். அவ்வாறு செய்வது அவரைப் போற்றுவதாகாது. வேறொருவரைப் படைத்து அவரை வணங்குவதாகும். சூ மிகக் கண்டிப்பானவர். நிர்வாகிகளுடன் முரண்பட அஞ்சாதவர். அவர் குரல் உயர்ந்தபோது வருந்திய இளைஞரும் இருந்திருப்பர். அவ்வருத்தம் கிண்ணத்தின் ஒளியால் இல்லாததாகிவிடாது.

கண்டிப்பு அன்பினின்று பிறந்ததா, அதிகார ஆசையினின்று பிறந்ததா என்பதைத் தெளிய ஓர் அளவுகோல் உண்டு. கண்டிப்பவன் தான் விதித்த விதியைத் தன்மீதும் சுமத்திக்கொள்கிறானா என்பதே அது. மாணவனை வெயிலில் நிறுத்திவிட்டுத் தான் நிழலில் இருப்பவன் ஆசான் ஆகான். இவ்வளவுகோலால் அளந்தால் சூ குறைவுபட மாட்டார். ஆனால், அதே அளவுகோல் வேறொரு துன்பத்தையும் காட்டுகிறது. நீரிழிவு நோயுற்றிருந்த அவருடைய காலில் ஏற்பட்ட புண், உரிய கவனிப்பின்றி முற்றியது. 1977-ஆம் ஆண்டு வெற்றியை ஈட்டித் தந்தவர் பின்னர்க் காலின் ஒரு பகுதியை இழந்தார். பிறரிடம் எதிர்பார்த்த உறுதியைத் தன்னிடம் அளவின்றி எதிர்பார்த்ததன் விலை அது எனலாம்.

இதனைத் தியாகம் என்று புகழ்வதா? இழப்பு என்று வருந்துவதா? அவருடைய நோக்கத்தைப் புகழ்வோம். ஆயின், அச்செயலைப் பிறருக்கு விதியாக்கலாகாது. ஒருவரின் தன்னலமறுப்பை அளவுக்கு மீறிப் பாராட்டும் சமுதாயம், நாளடைவில் அதனை எல்லாரிடமும் உரிமையோடு கேட்கத் தொடங்கிவிடும். காய்ச்சலோடு வகுப்புக்கு வரும் ஆசிரியரைப் பாராட்டும் பள்ளி, காய்ச்சலில் ஓய்வெடுக்கும் ஆசிரியரைக் குறைகூறும் நாள் தொலைவில் இல்லை. தாமாக முன்வந்து பிறர் பிள்ளைகளை ஆளாக்கும் தொண்டர்களைப் புகழ்மாலையோடு தனியே விட்டுவிடுதல் நன்றியாகாது. அவர்கள் நடமாடும் காலத்திலேயே 'உடல்நலம் எவ்வாறு உள்ளது' என்று கேட்பதும், சுமையில் ஒரு பங்கைத் தோளில் ஏற்பதும் நன்றியின் முதற்படி.

அக்காலம் கடந்துவிட்டபின் செய்யத்தக்கது யாது? 2008-ஆம் ஆண்டில் சூவையும் அவர் அணியின் வெற்றியையும் பொருளாகக் கொண்டு ஒரு திரைப்படம் வெளிவந்தது. நினைவைக் காப்பதற்கு அத்தகைய படைப்புகள் வேண்டும்தான். ஆனால், கடன் அவற்றால் தீர்ந்துவிடுவதில்லை. ஆசானிடம் பெற்றதை ஆசானுக்கே திருப்பித் தர இயலாது. அவர் உயிரோடிருந்தாலும் அதனை ஏற்றுக்கொள்ளார். மேட்டிலிருந்து வந்த நீர் மீண்டும் மேட்டுக்கு ஏறுவதில்லை. அடுத்த வயலுக்கே பாய வேண்டும். தனக்கு ஒருவர் காட்டிய பொறுமையை, பந்தைத் தடுக்கத் தெரியாமல் விழித்து நிற்கும் வேறொரு சிறுவனுக்குக் காட்டும்போதுதான் அக்கடனில் ஒரு பகுதி அடைகிறது.

கொடுக்கும்போது தெரிந்தெடுத்துக் கொடுக்கும் பொறுப்பும் மாணவனுக்கு உண்டு. ஆசானின் ஒழுங்கும் உழைப்பும் இன வேறுபாடு பாராத நோக்கும் அடுத்தவரைச் சென்று சேர வேண்டியவை. அவருடைய கடுமையில் வேண்டாத பகுதியும், தன்னுடலைப் புறக்கணித்த போக்கும் அவரோடு நின்றுவிட வேண்டியவை. அவ்வாறு பிரித்தறிதல் ஆசானைக் குறைத்து மதிப்பிடுவதன்று. பிழையைத் திருத்திக்கொண்டு முன்னேறுவதைத்தானே அவர் நாள்தோறும் திடலில் கற்பித்தார்? அப்பாடத்தை அவருடைய வாழ்க்கையிலிருந்தும் கற்றுக்கொள்ளும் மாணவனே அவரை உண்மையில் மறவாதவன்.