வேரும் பொறுப்பும்: ஓர் ஒழுக்கவியல் நோக்கு

செயலும் அதன் விளைவும் ஒரே நாளில், ஒரே இடத்தில் புலப்படுமாயின் தீங்கிழைத்தவனைச் சுட்டுவது எளிது. கோடரி கொண்டு மரந்தறிப்பவன் அத்தகையவன். மரம் விழும் ஓசை அயலெங்கும் கேட்கும். ஏன் தறித்தாய் என வினவ ஒருவரேனும் இருப்பர். ஆனால், மரத்தின் அருகே கட்டடம் எழுப்புபவன் அதன் தண்டைத் தொடாமலே அதனைக் கொன்றுவிட முடியும். கொன்றதை அவனே அறியாதிருத்தலும் கூடும். அறியாமற் செய்த தீங்குக்கு ஒருவன் எத்துணைப் பொறுப்பாளி என்னும் பழைய வினா இங்கே புதியதொரு வடிவிற் பிறக்கின்றது.

ஓர் ஊரின் வாசிகசாலை வளவிலே முதிர்ந்த வேம்பொன்று நிற்பதாகக் கொள்ளலாம். நெஞ்சளவு உயரத்தில் அதன் விட்டம் 60 சதமமீற்றர். இடம் போதாமையால் அருகே மாடிக் கட்டடமொன்றை அமைக்க ஊரவர் தீர்மானிக்கின்றனர். வேம்பைத் தறிக்கலாகாது என முதியோர் கூற, யாவரும் இசைகின்றனர். தண்டிலே காயம் படாதிருக்கச் சாக்குங் கட்டப்படுகின்றது. அதன் பின்னர் நடப்பவை யாவும் வழமையானவையே. தண்டிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி அத்திவாரக் கிடங்கு வெட்டப்படுகின்றது. குறுக்கே வந்த வேர்களைக் கூலியாள் அலவாங்காற் கிளறிக் கோடரியால் அறுக்கின்றான். நிழல் உள்ள இடமென்று மணலும் கல்லும் வேம்பின் கீழேயே பறிக்கப்படுகின்றன. லொறியும் அங்கேயே நிற்கின்றது. சீமெந்து குழைத்த பாத்திரங்கள் அங்கேயே கழுவப்படுகின்றன. எஞ்சிய மண் அடிமரத்தைச் சுற்றிப் பரவப்படுகின்றது. திறப்பு விழாவன்று வேம்பு பச்சைப்பசேலென நிற்கின்றது. மரத்தையுங் காத்துக் கட்டடத்தையும் எழுப்பிய சபையினரைப் பேச்சாளர் பாராட்டுகின்றார். சில ஆண்டுகள் கழிந்தபின் உச்சிக் கொப்புகள் காயத் தொடங்குகின்றன. வரட்சி என்பார் ஒருவர். கறையான் என்பார் இன்னொருவர். மேசன் வேறூரில் வேலை செய்கின்றான், சபையும் மாறிவிட்டது.

இதில் எவரிடமும் தீய எண்ணம் இருக்கவில்லை. இருந்தது மரத்தைப் பற்றிய பிழையானதொரு சித்திரம் மட்டுமே. எதற்கும் அடிப்படையாக உள்ளதை ஆணிவேர் என்று கூறுதல் தமிழ் வழக்கு. முதிர்ந்த மரமோ பெரும்பாலும் வேறு வகையில் வாழ்கின்றது. அதன் வேர்களுட் பெரும்பங்கு மேல் மண்ணின் ஒரு மீற்றர் ஆழத்துள், கொப்புகளின் நிழலெல்லையையுங் கடந்து படர்ந்து கிடக்கும். நீரையும் உப்புகளையும் உறிஞ்சுபவை நூல் போன்ற சல்லிவேர்களே. சல்லி என்பது அற்பமானதையுங் குறிக்கும் சொல்லாயிருத்தல் ஒரு விந்தை! இவ்வேர்களுக்கு நீர் மட்டுமன்றிக் காற்றும் வேண்டும். லொறியின் பாரம் மண்ணின் நுண்டுளைகளை நெரித்துவிட, நீர் இறங்காது, காற்றும் புகாது. மேலே கொட்டிய மண்ணும் அவ்வேலையையே செய்யும். சீமெந்து கழுவிய நீர் மண்ணைக் காரமாக்கும். எனினும் மரம் உடனே சாவதில்லை. தண்டிலும் எஞ்சிய வேர்களிலும் சேமித்த மாப்பொருளைக் கொண்டு சில ஆண்டுகள் தளிர்க்கவுஞ் செய்யும். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1977 இல் விளக்கியவாறு, மரம் விலங்கைப் போலப் புண்ணை ஆற்றுவதில்லை. பழுதுற்ற பகுதியை உள்ளே சுவரிட்டு அடைக்கின்றது. அச்சுவர் எழுப்பவும் சேமிப்பிலிருந்தே செலவிட வேண்டும். ஆகவே, திறப்பு விழாவன்று காணப்பட்ட பசுமை காவலுக்குச் சான்றாகாது.

பிரித்தானியாவின் 2012 ஆம் ஆண்டு நியமம், தண்டின் விட்டத்தைப் போற் பன்னிரு மடங்கு ஆரமுள்ள வட்டத்தை வேர்காப்பு நிலமாக வகுக்கின்றது. வாசிகசாலை வேம்புக்கு அது 7.2 மீற்றர் ஆரம். பரப்பளவில் ஏறத்தாழ 163 சதுர மீற்றர். கிடங்கு வெட்டப்பட்டதோ ஒரு மீற்றரில். சாக்குக் கட்டிய தண்டே அம்மரத்தில் ஆபத்துக் குறைந்த பகுதியாக இருந்தது.

கடப்பாடு யாருக்கு உரியது என்பதிற் கருத்து வேற்றுமை உண்டு. தொல்காப்பியம் மரத்தை ஓரறிவுயிராக வகுத்தது. நற்றிணையில் வரும் பெண்ணொருத்தி, விதையிலிருந்து வளர்ந்த புன்னையை உடன்பிறப்பாகக் கருதி அதன் நிழலிற் காதலனுடன் நகையாட நாணினாள். அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் கிறிஸ்ரோபர் ஸ்ரோன் மரங்களுக்கும் நீதிமன்றில் வழக்காடும் உரிமை வேண்டுமென 1972 இல் வாதித்தார். கான்ரோ மனிதனுக்கு மரத்தின்பால் நேரடிக் கடமை இல்லை என்றவர். இயற்கையின் அழகை வீணே அழிக்கும் மனப்பாங்கு மனிதன் தனக்குத் தானே ஆற்றும் கடமைக்கு மாறானது என்பதே அவர் கூறும் காரணம். இவற்றுட் கான்ரின் வாதம் வாசிகசாலை வாயிலிலேயே நின்றுவிடுகின்றது. வேம்பை அழிக்கும் மனப்பாங்கு அங்கு ஒருவரிடமும் இல்லை. அனைவரும் அதனை நேசித்தனர். நேசத்தோடு கூடிய கவனமின்மையே அதனைக் கொன்றது.

இவ்விடத்தில் அரிஸ்ரோட்டில் கூடிய துணை செய்கின்றார். அறியாமைக்கு ஒருவனே காரணனாயின், அறிந்துகொள்ளும் ஆற்றல் அவனிடம் இருந்திருப்பின், அறியாமை அவனை விடுவிக்காது என்பது அவர் துணிபு. அவ்வாறாயின் அறிந்திருக்கக் கூடியவர் யார்? வேரைக் கண்ணாற் கண்டவன் கூலியாள் மட்டுமே. ஆனால், வேலையை நிறுத்தும் அதிகாரம் அவனுக்கில்லை. நிறுத்தியிருந்தால் அன்றைய கூலியும் இராது. வரைபடத்திற் கோடிட்டவரோ வேரைக் காணவில்லை. எனினும் கேட்டறிய அவருக்கு நேரமும் கல்வியும் இருந்தன. தொடர் அத்திவாரத்துக்குப் பதிலாக வேர்களுக்கு இடையே தூண்களை ஊன்றி அவற்றின்மீது சுவரைத் தாங்கச் செய்யலாம். குழாயை வேர்களுக்குக் கீழாகத் துளைத்து எடுத்துச் செல்லலாம். முதல் லொறி மணல் வருமுன்னரே வேலி அடைக்கலாம். இவையெல்லாம் தாளிலே கோடாக இருக்கும்வரை மலிவானவை. ஆதலாற் பழியின் பெரும்பங்கு அலவாங்கை விட்டுப் பேனாவை நோக்கியே நகர்கின்றது.

இடமே இல்லாதவன் என் செய்வான் என்னும் தடையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. யாழ்ப்பாணத்துக் கணக்கில் 163 சதுர மீற்றர் அரைப் பரப்புக்கும் மேல். போரில் வீடிழந்து, இரண்டு பரப்புக் காணியில் மீண்டும் வீடு கட்ட முனைபவனிடம் அதனை ஒதுக்கு என்பது கொடுமையாகலாம். அந்நிலையில் அவன் வெளிப்படையாகத் தறிப்பதே நேர்மை எனத் தோன்றுகின்றது. தறித்தலுக்குக் காரணங் கேட்கலாம். அனுமதி மறுக்கவுங் கூடும். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிப்பதற்கு இலங்கையில் 1951 ஆம் ஆண்டின் சட்டமே கட்டுப்பாடு விதித்துள்ளது. வேரை அறுத்துத் தண்டை மட்டும் நிறுத்தி வைப்பவனோ மரத்தையும் இழக்கச் செய்து, காத்தவன் என்ற பெயரையும் பெறுகின்றான். இவ்வாதம் தறிக்க விழைவோர் கையிற் கோடரியாகும் ஆபத்தும் உண்டு. ஆகவே கோட்டை நகர்த்த முயன்று இயலாதவனுக்கே இது பொருந்தும், முயலாதவனுக்கு அன்று.

வாசிகசாலை வேம்பு முற்றாகக் காய்ந்ததும், கூரைக்கு ஆபத்தென அதனைத் தறிக்கப் புதிய சபை தீர்மானம் நிறைவேற்றும். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்களோடு அது கூட்டக் குறிப்புப் புத்தகத்திற் பதியப்படும். கிடங்கு வெட்டிய நாளைப் பற்றி அப்புத்தகத்தில் ஒரு வரியும் இராது.