காணிக்கையும் வேள்வியும்

அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனம் 1998-ஆம் ஆண்டு குழந்தைகளுக்காக உருவாக்கிய அனிமேஷன் திரைப்படம் ‘எ பக்ஸ் லைஃப்’. எறும்புகளின் இக்கதையில் சாதகர்கள் சிந்திக்கத்தக்க உண்மை ஒன்று அடங்கியுள்ளது.

ஒரு சிறு தீவில் வாழும் எறும்புகள் ஆண்டுதோறும் தானியம் சேர்த்து ஒரு பாறையின்மீது குவிக்கின்றன. வெட்டுக்கிளிகள் வந்து அதனை உண்டு செல்கின்றன. எறும்புகள் அதைக் ‘காணிக்கை’ என்றே கூறுகின்றன. ஆனால் அது உண்மையில் காணிக்கையாகுமா? தேவர்கள் அளித்தவற்றை அவர்களுக்குத் தராமல் தானே அனுபவிப்பவன் திருடன் என்கிறது பகவத்கீதையின் மூன்றாம் அத்தியாயம். வெட்டுக்கிளிகள் அத்தகையவை. எறும்புகளோ அச்சத்தினால் கொடுக்கின்றன. கொடுப்பவரிடம் அன்பும் பெறுபவரிடம் நன்றியும் இல்லாத இடத்தில் வேள்வி நிகழ்வதில்லை.

‘நம்மிடம் உணவு இருக்கும்போது மீண்டும் அத்தீவுக்கு ஏன் செல்ல வேண்டும்?’ என்று வெட்டுக்கிளிகள் தங்கள் தலைவனான ஹாப்பரிடம் கேட்கின்றன. அவன் ஒரு தானியத்தை அவற்றின்மீது எறிகிறான், அவை சிரிக்கின்றன. பின்னர் தானியம் முழுவதையும் கொட்டுகிறான், அவை புதைந்துபோகின்றன. எறும்புகள் தங்கள் பலத்தை அறிந்துவிடக் கூடாது என்பதே அவன் கவலை. அச்சுறுத்துபவனின் உள்ளத்திலும் குடிகொண்டிருப்பது அச்சமே!

1897-இல் சென்னையில் ஆற்றிய ‘பாரதத்தின் எதிர்காலம்’ என்ற சொற்பொழிவில் சுவாமி விவேகானந்தர், நான்கு கோடி ஆங்கிலேயர் முப்பது கோடி இந்தியரை ஆள்வது எவ்வாறு என்று வினவினார். அவர்கள் தங்கள் சங்கற்பங்களை ஒன்றுசேர்த்துள்ளனர், இந்தியரோ தனித்தனியே பிரிந்து கிடக்கின்றனர் என்பதே அவர் கண்ட விடை.

எனினும் ஒன்றுசேர்வது மட்டும் போதாது. வெட்டுக்கிளிகளும் கூட்டமாகவே வருகின்றன. பறிப்பதற்காகச் சேர்வது கூட்டம். பிறருக்காகத் தன்னை அளிக்கச் சேர்வது சங்கம். ஃபிளிக் என்னும் எளிய எறும்பைத் தொல்லை தருபவன் என்று கருதி ஒதுக்கியது அதன் சமூகம். இறுதியில் அச்சமூகத்திற்காகவே அடிபட்டு வீழ்கிறது ஃபிளிக். மீண்டும் எழுந்து ஹாப்பரை எதிர்த்துப் பேசுகிறது. அதைக் கண்ட எறும்புகள் அனைத்தும் ஒன்றாக முன்னே வருகின்றன. ‘நான் தப்பினால் போதும்’ என்ற எண்ணம் அகன்ற கணத்திலேயே அவற்றின் அடிமைத்தனமும் முடிவுக்கு வருகிறது.

இயற்கையில் எறும்புகள் இணைந்து உழைப்பது இயல்புணர்ச்சியால். மனிதனோ சுயநலத்தை விவேகத்தால் வென்று இணைய வேண்டியவன். அவனது கடினமும் அதுவே, பெருமையும் அதுவே.

கதையின் முடிவிலும் எறும்புகள் தானியம் சேர்க்கின்றன. உழைப்பு குறையவில்லை, அச்சம் மட்டுமே நீங்கியது. வீட்டிலோ அலுவலகத்திலோ இன்று செய்யும் பணி எதற்கு அஞ்சிச் செய்யப்படுகிறது, யார்மீது கொண்ட அன்பினால் செய்யப்படுகிறது என்று சாதகன் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளட்டும். அச்சம் அன்பாக மாறும்போது அதே பணி வேள்வியாகிறது.