காணாமையும் இல்லாமையும்

பாஸ்டன் நகரத்து டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்தில் மார்க் விடாலும் அவருடைய சகாக்களும் பல்லாண்டு உழைத்து 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட மனிதப் புரதங்களின் சம்பந்தப் படத்தில், எந்தப் புரதம் எதனோடு நேரே சேர்கிறது என்பதைக் காட்டும் கோடுகள் ஏறக்குறைய 53,000 இருக்கின்றன. அவர்கள் எடுத்துக்கொண்ட மரபணுக்களோ 17,000-க்கும் அதிகம். அவற்றின் புரதங்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் சுமார் 15 கோடி ஜோடிகள் வரும். கோடு விழுந்த இடங்களை விஞ்ஞானிகள் பார்த்துக்கொள்வார்கள்; என் சிந்தை செல்வது கோடு விழாத பெரும் பரப்பின்மேல். அங்கே சம்பந்தமே இல்லையா, இருந்தும் தென்படவில்லையா?

சோதனை நடப்பது ஈஸ்ட்டுக்குள். 1989இல் ஸ்டான்லி ஃபீல்ட்ஸும் ஓக்-கியூ சோங்கும் வெளியிட்ட உபாயம் அது. மரபணுவைத் தூண்டும் ஒரு புரதத்தை இரு கூறாக்கி, ஒரு கூற்றை ஒரு மனிதப் புரதத்தோடும் மற்றதை வேறொன்றோடும் பிணைத்து, ஹிஸ்டிடின் என்னும் சத்தைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாத ஈஸ்ட் செல்லுக்குள் இரண்டையும் புகுத்துகிறார்கள். அம்மனிதப் புரதங்கள் ஒன்றையொன்று பற்றினால், பிரிந்த கூறுகளும் அருகருகே வந்து, ஹிஸ்டிடினை ஆக்கும் மரபணுவைத் தூண்டிவிடும். ஹிஸ்டிடின் இல்லாத தட்டில் வெண்ணெய் நிறத்தில் ஒரு புள்ளி தடித்து வளர்ந்தால் ‘உண்டு’ என்று எழுதலாம். (அதையும் முழுக்க நம்புவதற்கில்லை: உடம்பில் ஒரே திசுவில் சந்திக்கவே வாய்ப்பில்லாத இரண்டு, இங்கே கூட்டிவைக்கப்பட்டதால் சேர்வதும் உண்டு.) தட்டு வெறிச்சென்றிருந்தால் ‘இல்லை’ என்று எழுதலாமா?

எழுதலாகாது. செல்லின் சவ்விலே பதிந்து வாழும் புரதம், இந்தச் சோதனை நடக்கும் உட்கருவுக்குள் இயல்பாக வருவதில்லை. வேறு சில, டைரோசின் என்னும் அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறிய பின்னரே துணையைப் பற்றும். அந்த ஏற்பாடு ஈஸ்ட்டில் அரிது.

நம்முடைய தர்க்க சாஸ்திரிகள் இந்த இடத்தில் வெகு காலம் நின்று வாதாடியிருக்கிறார்கள். பாட்ட மீமாம்சகர் அனுபலப்தி என்னும் காணாமையைத் தனிப் பிரமாணமாகவே கொண்டனர். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அபாவம் என்னும் இல்லாமையையும் அளவைகளுள் எண்ணி, பின்னர் எல்லாவற்றையும் மூன்றில் அடக்கினார். ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு: இருந்தால் கண்டிருப்போம் என்று சொல்லத்தக்க பொருளின் காணாமையே இல்லாமைக்குச் சான்றாகும். விளக்கெரியும் அறையில் குடம் தென்படாவிட்டால் குடமில்லை. இருட்டறையில் அப்படிச் சொல்ல வழியில்லை. உதயனர் நியாயகுசுமாஞ்சலியில் நாஸ்திகரை மறுத்ததும் இதைக்கொண்டே: காட்சிக்கு உரியதல்லாத ஈசுவரனைக் காணாமை, அவன் இல்லை என்பதற்கு ஆதாரமாகாது.

இதைக் கேட்டு ஆஸ்திகர் அவசரப்பட்டு மகிழ்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த வாதம் மறுப்பவன் வாயை அடைக்குமேயன்றி, உண்டென்பவன் கையில் எதையும் கொடுப்பதில்லை; கொடுக்காததனாலேதான் உதயனர் ஈசுவரனை நிறுவ வேறு அனுமானங்களைத் தேடிப் போனார். வெறுந்தட்டைக் காட்டி, ‘இல்லையென்று நிரூபிக்கப்படவில்லை, ஆகவே கோடு போடுங்கள்’ என்று பாஸ்டனில் எவரும் கேட்பதில்லை. மேலும் அவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. முன்பே ஐயமற நிறுவப்பட்ட ஜோடிகளைக் கொடுத்துத் தங்கள் கருவியையே சோதித்தபோது, எந்தத் தனி முறையும் அவற்றில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக்கு மேல் காட்டவில்லை. ஆக, தங்கள் விளக்கு எவ்வளவு மங்கல் என்பதை அவர்கள் அளந்து வைத்திருக்கிறார்கள். ஈசுவர விசாரத்தில் இறங்கும் நமக்கு, இரு தரப்பாரும் ஒப்புக்கொண்ட அப்படியொரு ஜோடி கிடையாது.